குழந்தையும் ஊசியும்



தடுப்பூசி ஏன் போட வேண்டும் என்று பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. ஊசி போடும்போது குழந்தைக்கு வலிக்கிறதே, அந்த வலியைப் பற்றியது.

ஊசி போடும் நாளில் அங்கன்வாடி வாசலில் போய் நின்று பாருங்கள். உள்ளே ஒரு குழந்தை வீல் என்று கத்தும். உடனே வெளியே காத்திருக்கும் குழந்தைகளும் அழத் தொடங்கும். அவற்றுக்கு இன்னும் ஊசியே போடவில்லை! ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் வாசற்படியிலேயே காலை உதைத்துக்கொண்டு உள்ளே வர மறுப்பான். சில தாய்மார்கள் குழந்தையை ஆஷா பணியாளர் கையில் கொடுத்துவிட்டு வெளியே ஓடி வந்துவிடுவார்கள். காதைப் பொத்திக்கொள்வார்கள். "என்னால் பார்க்க முடியாது" என்பார்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "ஊசி என்றால் வலிக்கத்தான் செய்யும். குழந்தை என்றால் அழத்தான் செய்யும். இதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்பார்கள்.

செய்ய முடியும். நிறையச் செய்ய முடியும். பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவும் இல்லை.

ஒரு காலத்தில் பெரிய படிப்புப் படித்த மருத்துவர்களே ஒரு தவறான எண்ணம் வைத்திருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நினைத்தார்கள். வெளிநாடுகளில் பெரிய மருத்துவமனைகளில்கூட, 1980களில், குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்து கொடுக்காமலே அறுவைச் சிகிச்சை நடந்தது. குழந்தை அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமல் இருக்கப் போதுமான மருந்து கொடுக்கவில்லை.

இந்த எண்ணத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய மருத்துவர். இவர் இந்தூரில் மருத்துவம் படித்தார். பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குப் போனார். அங்கே அறுவைச் சிகிச்சை நடந்த குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். நல்ல வலி மருந்தும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடல் குறைவாகத் துன்பப்பட்டது. அறுவைக்குப் பின் வரும் தொல்லைகளும் அவர்களுக்குக் குறைவாக இருந்தன. 1987ஆம் ஆண்டில் அவர் இதை உலகத்துக்குச் சொன்னார். அதன் பிறகு மருத்துவர்களின் வழக்கம் மாறத் தொடங்கியது.

பச்சைக் குழந்தைக்கு வலிக்குமா என்று எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஆனால் மருத்துவ உலகம் சோதனை செய்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டது.

சரி, ஒரு நிமிட வலிதானே? அதைப் பெரிதாகப் பேச வேண்டுமா?

பேச வேண்டும். அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போடப்படுகின்றன. ஒன்றரை மாதத்தில் ஒரே நாளில் மூன்று ஊசி. மூன்றரை மாதத்தில் மறுபடியும் மூன்று. அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். வீடே தூங்காது. மறுநாள் மாமியார் சொல்வார்: "பிள்ளையை இப்படி வதைக்க வேண்டுமா? அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்."

அந்த "அடுத்த முறை" பல வீடுகளில் வருவதே இல்லை. ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசி தள்ளிப்போகிறது. பிறகு மறந்துபோகிறது. ஒருநாள் ஊருக்குள் தட்டம்மை வருகிறது. தட்டம்மை வெறும் தடிப்போடு போய்விடும் நோய் அல்ல. அதைத் தொடர்ந்து நிமோனியா வரும். வயிற்றுப்போக்கு வரும். கண் பார்வை போன குழந்தைகள் உண்டு. உயிர் போன குழந்தைகளும் உண்டு.

ஆகவே ஊசி வலியைக் குறைப்பது செல்லம் கொஞ்சும் வேலை அல்ல. அடுத்த ஊசிக்கு அந்தத் தாய் வருவாளா, மாட்டாளா என்பது இதில் இருக்கிறது.

2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே எல்லா நாடுகளுக்கும் யோசனைகள் சொன்னது. அவற்றில் முதலில் பேச வேண்டியது தாயின் மடி.

ஊசி போடும்போது குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். குழந்தை என்ன நினைக்கும்? தன்னை யாரோ பிடித்துக்கொண்டார்கள், அம்மாவைக் காணோம் என்று நினைக்கும். வலியைவிட இந்தப் பயம் பெரியது. பயந்த குழந்தை உடம்பை விறைத்துக்கொள்ளும். விறைத்த தசையில் ஊசி இறங்கினால் வலி கூடும்.

அம்மா உட்கார்ந்துகொள்ள வேண்டும். குழந்தையை மடியில் வைத்து மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் ஒரு கையைத் தன் முதுகுப் பக்கம் விட்டுக்கொள்ளலாம். மற்றொரு கையை மெதுவாகப் பிடித்துக்கொள்ளலாம். தொடையில் ஊசி என்றால், குழந்தையின் கால்கள் துள்ளாதபடி தன் இரண்டு தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். பிடி உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அது அணைப்பாக இருக்க வேண்டும். அப்பா வந்திருந்தால் அப்பா மடியும் நல்ல மடிதான். பாட்டியும் வைத்துக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிர்ந்து உட்காரட்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் போதும்.

"என்னால் பார்க்க முடியாது" என்று வெளியே போகும் தாய்க்கு ஒரு வார்த்தை. ஊசியைப் பார்க்க வேண்டாம் அம்மா. குழந்தையின் முகத்தைப் பார்த்தால் போதும். குழந்தையும் உங்கள் முகத்தைத்தான் தேடும்.

அடுத்தது தாய்ப்பால். பால் குடிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வலி மருந்து கிடைப்பது அரிது. ஊசி போடுவதற்குச் சில நிமிடம் முன்பே பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். குழந்தை நன்றாகப் பிடித்துக் குடிக்கும்போதே ஊசி போடலாம். போட்ட பிறகும் தொடர்ந்து குடிக்கட்டும். பாலின் இனிப்பு, உறிஞ்சும் வேலை, அம்மாவின் சூடு, அம்மாவின் வாசனை எல்லாம் சேர்ந்து வலியைக் குறைக்கின்றன.

இதைச் சொன்னால் தாய்மார்கள் சில சந்தேகங்கள் கேட்பார்கள். "திடீரென்று அழுதால் புரை ஏறாதா?" அப்படித் தொல்லை வந்ததாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. "பால் குடிக்கும்போது குத்தினால் பிறகு மார்பைக் கண்டு பயப்படாதா?" அப்படியும் நடப்பதில்லை. "போலியோ சொட்டு மருந்து கொடுத்த உடனே பால் கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நாலு பேர் நடுவில், ஆண்கள் வந்து போகும் இடத்தில், எப்படிப் பால் கொடுப்பது? கேட்க வேண்டிய கேள்விதான். அங்கன்வாடியில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து ஒரு பாயோ நாற்காலியோ போடச் சொல்லுங்கள். முந்தானையால் மூடிக்கொள்ளலாம். கூட வந்த பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ளலாம்.

பால் கொடுக்க முடியாவிட்டால் மடியில் அணைத்திருப்பதே பெரிய உதவி. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். அப்போது குழந்தையைச் சட்டை இல்லாமல் அம்மாவின் வெறும் மார்பில் படுக்க வைத்துப் போர்த்தினால் வலி குறையும். கங்காரு முறை என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். தேன் தொட்டு நாக்கில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து.

நர்சம்மா கையிலும் சில வேலைகள் இருக்கின்றன. முதலில் வாயில் விடும் சொட்டு மருந்துகள். பிறகு ஊசிகள். அவற்றிலும் அதிகம் கடுக்கும் ஊசியைக் கடைசியில் போட வேண்டும். முன்பெல்லாம் ஊசியைக் குத்தியபின் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு அது தேவையில்லை. தொடையிலும் மேல்கையிலும் ஊசி போடும் இடத்தில் பெரிய இரத்தக் குழாய் இல்லை. இழுத்துப் பார்த்தால் ஊசி உள்ளே அதிக நேரம் இருக்கும். அதிகம் அசையும். அதனால் வலி கூடும். நர்சம்மாவுக்கு அன்று ஐம்பது குழந்தைகள் காத்திருக்கலாம். "அம்மா, குழந்தை பால் பிடிக்கட்டும், இரண்டு நிமிடம் பொறுங்கள்" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய் போட்டு உருவக் கூடாது. சூடான ஒத்தடம் வேண்டாம். தொடை வீங்கிக் கடுத்தால், சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து வைக்கலாம். காய்ச்சல் மருந்தை ஊசிக்கு முன்பே கொடுத்து வருவது சரியல்ல. காய்ச்சல் வந்தால், நர்சம்மா சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். பிறந்தவுடன் இடது கையில் போடும் காசநோய்த் தடுப்பூசி சில வாரம் கழித்துச் சிறு கட்டி போல வரும். சீழ் வைத்து ஆறித் தழும்பாகும். அது இயல்பு. மஞ்சளோ பச்சிலையோ வைக்க வேண்டாம்.

இனி வாயைப் பற்றிப் பேச வேண்டும். குழந்தையின் வாயை அல்ல. பெரியவர்களின் வாயை.

ஒரு பிள்ளை சோறு சாப்பிட மறுக்கிறது. "சாப்பிடுகிறாயா, இல்லை நர்சம்மாவை ஊசி போடச் சொல்லட்டுமா?" என்கிறார் பாட்டி. பிள்ளை தூங்கவில்லை. "டாக்டர் மாமா வருகிறார், பெரிய ஊசியோடு வருகிறார்" என்கிறார் தாத்தா. பிள்ளை மண்ணில் விளையாடுகிறது. "இரு, ஊசிதான் உனக்குச் சரி" என்கிறார் அப்பா. பூச்சாண்டிக்கு வேலை போய்விட்டது. அந்த வேலையை இப்போது ஊசி பார்க்கிறது!

தாத்தா பாட்டிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்பினால்தான் சொல்கிறீர்கள். ஆனால் பிள்ளையின் மனதில் என்ன பதிகிறது? ஊசி என்றால் தண்டனை. நர்சம்மா என்றால் தண்டிக்க வருபவர். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் முன் போடும் ஊசிக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிப் போனால் என்ன நினைக்கும்? "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்று நினைக்கும்.

மிரட்டுவது ஒரு வகை. ஏமாற்றுவது இன்னொரு வகை. "கடைக்குப் போகலாம் வா" என்று சொல்லி ஊசி போடும் இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். "வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்வார்கள். ஊசி வலிக்கும். பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்ளும்: அம்மா சொல்வதை நம்பக் கூடாது. அடுத்த முறை உண்மையாகவே கடைக்குக் கூப்பிட்டாலும் வராது.

உண்மையைச் சொல்லலாம். சின்னப் பிள்ளைக்கு அன்று காலையில் சொன்னால் போதும். "இன்றைக்கு ஊசி போடப் போகிறோம். சுருக்கென்று குத்தும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். அம்மா மடியிலேயே இருக்கலாம்." இவ்வளவு போதும். நாள் முழுக்க இதையே பேச வேண்டாம்.

ஊசி குத்தும் நேரத்தில் அம்மா என்ன பேச வேண்டும்? "ஐயோ என் தங்கமே! உன்னை இப்படிக் குத்துகிறார்களே!" என்று புலம்பினால் பிள்ளைக்குப் பயம் கூடும். ஏதோ பெரிய ஆபத்து, அம்மாவே அழுகிறாளே என்று நினைக்கும். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று பத்து முறை சொன்னாலும் அப்படித்தான். வேறு பேச்சுப் பேச வேண்டும். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் காகத்தைக் காட்டலாம். வீட்டில் ஆட்டுக்குட்டி என்ன செய்கிறது என்று கேட்கலாம். கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டலாம். மூன்று வயதுக்கு மேல் என்றால் கையில் ஒரு காகிதக் காற்றாடி கொடுத்து ஊதச் சொல்லலாம். காற்றாடி சுற்ற வேண்டுமானால் மூச்சை இழுத்து நீளமாக ஊத வேண்டும். அப்படி ஊதும்போது உடம்பு தளரும். கவனமும் காற்றாடிக்குப் போய்விடும். காற்றாடி செய்ய ஒரு தாள், ஒரு குண்டூசி, ஒரு குச்சி போதும்.

பிள்ளை அழுதால் அழட்டும். "ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்க வேண்டாம். வலித்தால் ஆண் பிள்ளையும் அழும்.

இதுவரை பேசியது தேவையான ஊசி. தேவையில்லாத ஊசியும் உண்டு. அதன் வலியைக் குறைக்க ஒரே வழி, அதைப் போடாமல் இருப்பதுதான்.

சளி என்றால் ஊசி. காய்ச்சல் என்றால் ஊசி. "ஒரு ஊசி போட்டுவிடுங்கள் டாக்டர், சீக்கிரம் குணமாகட்டும்" என்று கேட்டு வாங்குபவர்கள் ஏராளம். ஊசி போடாத டாக்டர் கெட்டிக்காரர் இல்லை என்று ஒரு பேச்சும் ஊரில் உண்டு. சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் ஊசி வேண்டியதில்லை. வாய்வழி மருந்தே போதும்.

1971ஆம் ஆண்டில் நடந்தது இது. வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. எல்லைக்கு அருகில் பன்காவ் என்ற ஊர். அங்குள்ள மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ், உப்பு நீர் தீர்ந்துகொண்டே வந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் ஒரு முடிவு எடுத்தார். உப்பையும் சர்க்கரையையும் அளவாக நீரில் கலக்கி வாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார். கூட வந்த சொந்தக்காரர்களே நோயாளிக்கு ஊட்டினார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே குறைந்தது. அந்த நீர்தான் இன்று பொட்டலத்தில் வரும் ஓ.ஆர்.எஸ். உப்பு சர்க்கரைக் கரைசல். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றவுடன் ஊசி தேடி ஓட வேண்டாம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கலக்கிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் இரத்தம் இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே நரம்பில் நீர் ஏற்றச் சொன்னால் தயங்கக் கூடாது. அது தேவையான ஊசி.

சில குழந்தைகளுக்கு ஊசியோடுதான் வாழ்க்கை. சர்க்கரை நோய் உள்ள குழந்தைக்குத் தினமும் பல முறை இன்சுலின் ஊசி. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். இன்சுலினை ஒரே இடத்தில் குத்தக் கூடாது. வயிறு, தொடை என்று இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த இன்சுலினை உடனே ஏற்றினால் கடுக்கும். சற்று நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிந்த பின் போடலாம். (தடுப்பூசி மருந்துக்கு இது பொருந்தாது. அது குளிர்ப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.) தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பும் உண்டு. ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு தடவ வேண்டும். மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தடவக் கூடாது.

கடைசியாகப் பள்ளிக்கூடம். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான ஊசி போட வேண்டும். பல ஊர்களில் இது பள்ளியிலேயே நடக்கிறது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை, ரூபெல்லா முகாமிலும் பள்ளிகளில் ஊசி போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும்? முன்னால் இருப்பவன் முகத்தைச் சுளிப்பதைப் பின்னால் இருப்பவன் பார்ப்பான். ஒரு பெண் மயங்கி விழுந்தால், பார்த்த இன்னும் நாலு பேர் விழுவார்கள். உடனே "ஊசியில் ஏதோ கோளாறு" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். பெரும்பாலும் அது மருந்தால் வந்த மயக்கம் அல்ல. பயத்தால் வந்த மயக்கம்.

அதனால் அன்று காலையில் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டும். முன்பு மயங்கியவர் என்றால் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் படுக்க வைத்துப் போடலாம். மற்றவர்களை உட்கார வைத்துப் போட வேண்டும். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைக்க வேண்டும். ஊசி போடும் மேசை மற்ற பிள்ளைகளின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அதற்குத் தனி அறை இல்லாவிட்டால், இரண்டு தூண்களுக்கு நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால் போதும்.